'ஃபார்ச்சூன் 500 கம்பெனி' என்று சொன்னால் என்ன அர்த்தம்?

கேள்வி இது: "என் தங்கை மகளுக்கு சென்னை ஓஎம்ஆரில் ஒரு வேலை வந்திருக்கிறது. 'ஃபார்ச்சூன் 500 கம்பெனி' என்கிறார்கள். டிசிஎஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஆனால் காக்னிசன்ட் இருக்கிறது. உலக அளவிலான இன்னொரு பட்டியலில் இந்தியன் ஆயில் இருக்கிறது, அதிலும் டிசிஎஸ் இல்லை. அப்படியென்றால் டிசிஎஸ் சின்ன கம்பெனியா? யார் போடுகிற பட்டியல் இது, எதை வைத்துப் போடுகிறார்கள்?"

இருபது வருடத்துக்கு மேல் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஃபார்ச்சூன் 500', 'ஃபார்ச்சூன் குளோபல் 500' இரண்டும் ஒரே பத்திரிகை போடுகிற வேறு வேறு பட்டியல்கள். முதலாவதில் அமெரிக்காவில் பதிவான நிறுவனங்களுக்கு மட்டும்தான் இடம். டிசிஎஸ் எவ்வளவு வளர்ந்தாலும் அதில் வர முடியாது. காக்னிசன்ட் 1994-ல் சென்னையில் தொடங்கியது, ஊழியர்களில் பெரும்பகுதி இன்றும் இந்தியாவில்தான். ஆனால் பதிவும் தலைமையகமும் அமெரிக்காவில் இருப்பதால் அது ஃபார்ச்சூன் 500-ல் இருக்கிறது. 2024-ல் அதன் வருவாய் சுமார் 1,970 கோடி டாலர். டிசிஎஸ்-க்கு 2024-25-ல் 3,000 கோடி டாலருக்கும் மேல். சின்னது உள்ளே, பெரியது வெளியே. அமெரிக்கப் பட்டியலில் கடைசி இடம் பிடிக்க 700 கோடி டாலருக்குச் சற்று மேல் இருந்தால் போதும். உலகப் பட்டியலின் கடைசி இடத்துக்கு 2025-ல் 3,220 கோடி டாலர் தேவைப்பட்டது. டிசிஎஸ் அந்த வாசற்படிக்கு ஒரு அடி தூரத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஃபார்ச்சூன் பத்திரிகை இந்தப் பட்டியலை முதலில் போட்டது 1955-ல். முதலிடம் ஜெனரல் மோட்டார்ஸ், வருவாய் 980 கோடி டாலர். அப்போது ஆலை, சுரங்கம், எண்ணெய் என்று பொருள் உற்பத்தி செய்கிறவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். வங்கி, தொலைபேசி, சில்லறை வியாபாரம் எல்லாம் வெளியே. நாற்பது வருடம் கழித்து, 1995-ல்தான் சேவைத் துறைக்குக் கதவு திறந்தது. அதுவரை பட்டியலில் தலைகாட்டாத வால்மார்ட் அந்த வருடம் நேராக நான்காம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அது வளர்ந்துவிடவில்லை, பட்டியல் போட்டவர்கள் விதியை மாற்றினார்கள். 2002-ல் முதலிடத்துக்கு வந்தது, நடுவில் சில வருடங்கள் எக்ஸான்மொபிலுக்கு விட்டுக்கொடுத்ததைத் தவிர 2025 வரைக்கும் அங்கேயேதான்.

ஃபார்ச்சூன் அளப்பது வருவாயை, அதாவது விற்றுமுதலை. லாபத்தை அல்ல. உங்கள் குழப்பத்துக்கு மூல காரணம் இதுதான். இந்தியன் ஆயிலின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-25-ல் அதன் விற்றுமுதல் சுமார் 8.45 லட்சம் கோடி ரூபாய், நிகர லாபம் 12,962 கோடி. அதே வருடம் டிசிஎஸ்-ன் வருவாய் 2.55 லட்சம் கோடி, லாபம் 48,553 கோடி. மூன்றில் ஒரு பங்குகூட விற்காத கம்பெனி மூன்று மடங்குக்கும் மேல் லாபம் பார்த்திருக்கிறது. கச்சா எண்ணெயை வாங்கி, சுத்திகரித்து, பங்க்குக்கு அனுப்பினால் நூறு ரூபாயில் பெரும்பகுதி கச்சா எண்ணெய் விற்றவனுக்கும் வரிக்கும் போய்விடும். மென்பொருளில் பெரிய செலவு சம்பளம்தான்.

இன்னும் வேடிக்கை, ஒரே கம்பெனிக்குள்ளேயே விற்றுமுதலும் லாபமும் எதிரெதிர்த் திசையில் போகும். 2022-23-ல் இந்தியன் ஆயில் 9.35 லட்சம் கோடிக்கு விற்று 8,242 கோடி மட்டும் லாபம் பார்த்தது. உக்ரைன் போரால் கச்சா விலை எகிறிய காலம், பங்க் விலையையோ ஏற்றவில்லை. அடுத்த வருடம் விற்றுமுதல் 8.66 லட்சம் கோடியாகக் குறைந்தது, லாபம் 39,619 கோடி. வருவாய்ப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு முதல் வருடம்தான் 'நல்ல' வருடம்.

சரி, விற்றுமுதல்தான் அளவுகோல் என்று வைத்துக்கொண்டோம். விற்றுமுதல் என்பது எது? இங்கேதான் கணக்குப்பிள்ளைகளின் உலகம் ஆரம்பிக்கிறது.

கோயம்பேட்டில் ஒரு கமிஷன் மண்டி. விவசாயி ஒரு லாரி தக்காளி அனுப்புகிறார். மண்டிக்காரர் அதை ஒரு லட்சத்துக்கு விற்று, பேச்சுக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டு மீதியை விவசாயிக்குக் கொடுக்கிறார். மண்டியின் விற்றுமுதல் ஒரு லட்சமா, பத்தாயிரமா? தக்காளி அழுகினால் நஷ்டம் விவசாயியுடையது, விலை சரிந்தாலும் விவசாயியுடையது என்றால் மண்டிக்காரர் வெறும் தரகர், பத்தாயிரம்தான் அவருடைய வருவாய். அவரே காசு போட்டு வாங்கி, அழுகினால் தன் தலையில் என்று விற்றால் முழு ஒரு லட்சமும் விற்றுமுதல். லாபம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் பட்டியலில் பத்து மடங்கு வித்தியாசம்.

உலகப் பட்டியல் 1995-ல் சேவைத் துறையையும் சேர்த்துக்கொண்டபோது முதல் மூன்று இடமும் மிட்சுபிஷி, மிட்சுயி, இடோச்சு என்று ஜப்பானிய வர்த்தக நிறுவனங்களுக்கே போனது. நிலக்கரி முதல் நூடுல்ஸ் வரை எல்லாவற்றிலும் இடையில் நின்று வாங்கி விற்கிறவர்கள். தங்கள் கை வழியாகப் போன சரக்கின் மொத்த மதிப்பையும் விற்பனையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள், லாபம் நூலிழை அளவு. பின்னால் கணக்கு முறை மாறி, தரகாகச் செய்ததற்குத் தரகை மட்டும் காட்டத் தொடங்கியபோது உச்சியிலிருந்து இறங்கிவிட்டார்கள். ஜப்பான் பொருளாதாரம் தளர்ந்ததும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் காரணம் என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டது என்ரான். மகாராஷ்டிரத்தில் தாபோல் மின்நிலையம் கட்டி இந்தியாவையும் ஒரு ஆட்டு ஆட்டிய அதே ஹூஸ்டன் கம்பெனி. 1996-ல் அதன் வருவாய் 1,330 கோடி டாலர். 2000-ல் 10,080 கோடி டாலர். நான்கே வருடத்தில் ஏழு மடங்குக்கும் மேல். எரிவாயுவையும் மின்சாரத்தையும் இணையத்தில் வாங்கி விற்கும் சந்தை ஒன்றை 1999 நவம்பரில் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு பேரத்திலும் ஒருவரிடம் வாங்குவதும் என்ரான்தான், அடுத்த நொடி இன்னொருவருக்கு விற்பதும் என்ரான்தான். வால் ஸ்ட்ரீட் தரகு நிறுவனங்கள் இப்படிப்பட்ட பேரத்தில் கிடைத்த வித்தியாசத்தை மட்டும் வருவாயாகக் காட்டும். என்ரான் முழுத் தொகையையும் காட்டியது. மண்டிக்காரர் ஒரு லட்சம் என்று எழுதிக்கொண்ட கதை. 2000-ல் அந்தப் பத்தாயிரம் கோடி டாலருக்கு அது காட்டிய லாபம் நூறு கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. அதுவும் ஜோடித்த லாபம் என்பது பிறகு தெரிந்தது.

2001-ல் வந்த ஃபார்ச்சூன் 500-ல் என்ரானுக்கு ஏழாவது இடம். அதே வருடம் டிசம்பர் 2-ம் தேதி திவால் மனு போட்டது. அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2002 ஏப்ரலில் அடுத்த பட்டியல் வந்தபோது, திவாலாகிப் போன என்ரான் ஐந்தாம் இடத்துக்கு முன்னேறியிருந்தது. மூழ்குவதற்கு முன் அது கொடுத்திருந்த விற்றுமுதல் கணக்கு 13,870 கோடி டாலர். விதி விற்றுமுதலைப் பார் என்கிறது, பார்த்தார்கள், ஐந்தாம் இடம் வந்தது. அந்த வருடமே அமெரிக்கக் கணக்கியல் விதி மாறி, இத்தகைய எரிசக்தி வர்த்தகப் பேரங்களை நிகரமாகத்தான், அதாவது வாங்கிய விலை போக மிஞ்சும் வித்தியாசத்தை மட்டும்தான், காட்ட வேண்டும் என்று ஆனது.

இன்றைக்கும் இந்த மண்டிக் கேள்வி அமேசானில் இருக்கிறது. தானே வாங்கி வைத்து விற்கும் பொருளுக்கு முழு விலையும் வருவாய். வேறு வியாபாரி அமேசான் தளத்தில் விற்றால் கட்டணம் மட்டும்தான் வருவாய். 2025 பட்டியலில் வால்மார்ட் சுமார் 68,100 கோடி டாலர், அமேசான் 63,800 கோடி டாலர். மற்ற வியாபாரிகளின் சரக்கையும் முழு விலைக்குச் சேர்த்தால் வரிசை தலைகீழாகிவிடும்.

அடுத்து வரி. ஆலையில் உற்பத்தியாகும்போது போடும் கலால் வரியை இந்தியக் கம்பெனிகள் விற்றுமுதலோடு சேர்த்தே காட்டிவந்தன. ஜிஎஸ்டி அப்படியில்லை, அரசுக்காக வசூலித்துக் கொடுக்கும் பணம், வருவாயில் சேராது. அதனால் 2017 ஜூலை 1-க்குப் பிறகு பல கம்பெனிகளின் விற்றுமுதல் காகிதத்தில் குறைந்தது. ஒரு பாக்கெட்கூடக் குறைவாக விற்காமலேயே! பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள் வராததால் இந்தியன் ஆயிலின் கணக்கில் கலால் வரி இன்னும் உள்ளே இருக்கிறது. ஃபார்ச்சூன் அதைக் கழித்துவிட்டுத்தான் வரிசைப்படுத்துகிறது. ரிலையன்ஸ் 2023-24-ல் பத்து லட்சம் கோடி ரூபாய் தாண்டிய முதல் இந்தியக் கம்பெனி என்று செய்தி வந்தது நினைவிருக்கும். அது ஜிஎஸ்டியையும் சேர்த்த தொகை. கழித்தால் 9 லட்சம் கோடிக்குச் சற்று மேல். இரண்டும் அவர்கள் வெளியிட்ட எண்கள்தான், எது தலைப்புச் செய்தியாகும் என்பதுதான் கேள்வி.

இந்த ஆசை பெரியவர்களுக்கு மட்டும் வருவதில்லை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், விற்றுமுதல் 430 கோடி. முதலாளிக்கு வரவேற்பறையில் '500 கோடி நிறுவனம்' என்று பலகை வைக்க ஆசை. "தம்பி, ஜிஎஸ்டியைச் சேர்த்தால் எவ்வளவு வருது?" என்று கேட்டார். 18 சதவீதம் சேர்த்தால் 507 கோடி. பலகை மாட்டியாயிற்று. ஆடிட்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பலகைக்கு ஆடிட் கிடையாதே.

வருவாய் என்றால் என்ன என்பதில் இவ்வளவு இருக்கிறது என்றால், கம்பெனி என்றால் என்ன என்பதில் அதற்கு மேல். பட்டியல்கள் பார்ப்பது தாய்க் கம்பெனியும் துணைக் கம்பெனிகளும் சேர்ந்த ஒருங்கிணைந்த கணக்கை. மணலியில் இருக்கும் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையில் பாதிக்குச் சற்று மேல் இந்தியன் ஆயில் கையில். பாதிதான் சொந்தம் என்றாலும், கட்டுப்பாடு கையில் இருப்பதால் வருவாய் முழுவதும் தாய்க் கணக்கில் ஏறும். ஆனால் சிபிசிஎல் தன் சரக்கில் பெரும்பகுதியை இந்தியன் ஆயிலுக்கே விற்கிறது. வீட்டுக்குள் அண்ணன் தம்பிக்கு விற்றது விற்பனை ஆகாது, ஒருங்கிணைக்கும்போது அதை அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே டீசலை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

2018 ஜனவரியில் ஓஎன்ஜிசி நிறுவனம் ஹெச்பிசிஎல்-லில் (இந்துஸ்தான் பெட்ரோலியம்) அரசு வைத்திருந்த 51.11 சதவீதப் பங்கை 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. விற்றது மத்திய அரசு, வாங்கியதும் மத்திய அரசின் கம்பெனி. வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட். ஒரு துளி எண்ணெய் கூடுதலாக எடுக்கவில்லை. ஆனால் உலகப் பட்டியலில் தனியாக இருந்துவந்த ஹெச்பிசிஎல் காணாமல் போனது, அதற்கு முந்தைய பட்டியலில் இல்லாத ஓஎன்ஜிசி உள்ளே வந்தது.

இதற்கு மறுபக்கம் டாடா. குழுமம் என்று பார்த்தால் பெரிது, ஆனால் பட்டியலில் 'டாடா' என்று ஒரு வரி கிடையாது. டாடா மோட்டார்ஸ் தனி, டிசிஎஸ் தனி. 2025 உலகப் பட்டியலில் ஒன்பது இந்தியக் கம்பெனிகள், அதில் டாடா மோட்டார்ஸ் ஒன்று. அதுவும் 2008-ல் ஃபோர்டிடமிருந்து வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவரின் வருவாய் தயவில். எல்லாக் கம்பெனிகளையும் ஒரே குடையில் வைத்திருந்தால் இடம் எங்கேயோ போயிருக்கும்.

டாலர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தந்தக் கம்பெனியின் நிதியாண்டு சராசரி மாற்று விகிதத்தில் வருவாயை டாலராக்குகிறார்கள். ரூபாய் சரிந்தால், நீங்கள் ரூபாயில் வளர்ந்திருந்தாலும் இறங்கலாம். ரிலையன்ஸ் 2024-ல் 86-வது, 2025-ல் 88-வது. ரூபாய்க் கணக்கில் அந்த வருடம் வருவாய் கூடியிருந்தது. மார்ச் 31-க்குள் முடிந்த நிதியாண்டுகளை எடுத்துக்கொள்வதால் நம் ஊர்க் கணக்கு புதிதாகவே போய்ச் சேருகிறது, டிசம்பரில் முடிக்கிறவர்களின் கணக்கு மூன்று மாதம் பழையது.

வங்கி, இன்சூரன்ஸ் என்று வந்தால் விற்றுமுதல் அளவுகோல் நொண்டியடிக்கும். எல்ஐசி பங்குச் சந்தைக்கு வந்த 2022-ல் உலகப் பட்டியலில் முதன்முறையாக நுழைந்து 98-ம் இடம் பிடித்தது. நீங்கள் கட்டும் பிரீமியம் முழுவதும் அங்கே வருவாய். முதிர்வில் திருப்பித் தர வேண்டிய பணத்தையும் பெட்ரோல் விற்ற காசையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு என்றுமே ஒப்பவில்லை. இதற்கு மாற்றாக ஃபோர்ப்ஸ் பத்திரிகை 2003 முதல் 'குளோபல் 2000' போடுகிறது. விற்பனை, லாபம், சொத்து, சந்தை மதிப்பு நான்கிலும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, நான்குக்கும் சம எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சொத்து என்று சேர்த்ததுமே வங்கிகள் முன்னால் வந்துவிடும், கொடுத்த கடன் எல்லாம் வங்கிக்குச் சொத்து அல்லவா? பல வருடம் சீனாவின் ஐசிபிசி வங்கி முதலிடம், 2025-ல் அமெரிக்காவின் ஜேபி மோர்கன் சேஸ்.

செய்திகளில் இப்போது அதிகம் அடிபடுவது சந்தை மதிப்பு. கடைசியாக விற்ற பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குவது. என்விடியா 2025 அக்டோபரில் ஐந்து லட்சம் கோடி டாலரைத் தொட்டது இந்தக் கணக்கில்தான். இதில் ஒரு ஓட்டை. உங்கள் தெருவில் நூறு மனை இருக்கிறது, இரண்டு மட்டும் விற்பனைக்கு வந்தது, யாரோ ஆசைப்பட்டு இரண்டு மடங்கு விலை கொடுத்தார். உடனே நூறு மனையும் அந்த விலை என்று பெருக்குகிறோம்.

2007 நவம்பர் 5-ம் தேதி சீன அரசின் எண்ணெய்க் கம்பெனியான பெட்ரோசைனா ஷாங்காய் சந்தைக்கு வந்தபோது இதுதான் நடந்தது. மொத்தம் சுமார் 18,300 கோடி பங்குகள், ஷாங்காயில் விற்றது வெறும் 400 கோடி. 16.70 யுவானுக்கு வெளியிட்ட பங்கு அன்று 43.96 யுவானில் முடிந்தது. மொத்தத்தோடு பெருக்கினால் ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல், எக்ஸான்மொபிலைப் போல் இரண்டு மடங்கு. உலகின் முதல் லட்சம் கோடி டாலர் கம்பெனி என்று பத்திரிகைகள் எழுதின. அதே நாள், அதே பெட்ரோசைனா ஹாங்காங் சந்தையில் பாதி விலைக்கும் குறைவாகக் கைமாறிக்கொண்டிருந்தது. அந்த விலையால் பெருக்கியிருந்தால் முதலிடமே கிடையாது. ஆறு மாதத்துக்குள் ஷாங்காய் விலையும் வெளியீட்டு விலைக்குக் கீழே போனது. சவுதி அராம்கோ 2019 டிசம்பரில் ஒன்றரை சதவீதப் பங்கை மட்டும் விற்றுவிட்டு உலகின் அதிக மதிப்புள்ள கம்பெனி ஆனதும் இதே பெருக்கல்தான். இதனால்தான் சென்செக்ஸும் நிஃப்டியும் சந்தையில் உண்மையாகப் புழங்கும் பங்குகளை மட்டும் கணக்கில் எடுக்கின்றன. பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சிரமம் எடுப்பதில்லை.

பட்டியலிலேயே வராதவர்களும் உண்டு. அமெரிக்காவின் கார்கில், தானிய வியாபாரத்தில் ஆண்டுக்கு 16,000 கோடி டாலர் அளவுக்குப் புரட்டுகிற கம்பெனி, குடும்பச் சொத்து. அரசிடம் பொதுவில் கணக்குத் தாக்கல் செய்வதில்லை, அதனால் ஃபார்ச்சூன் 500-ல் இல்லை. சீனாவின் ஹுவாவேயும் பங்குச் சந்தையில் இல்லாததுதான், ஆனால் தணிக்கை செய்த ஆண்டறிக்கையை வெளியிடுகிறது, ஃபார்ச்சூனின் உலகப் பட்டியலில் இருக்கிறது. ஃபோர்ப்ஸ் சந்தை மதிப்பையும் பார்ப்பதால் அங்கே அதற்கு இடமில்லை.

இனி உங்கள் தங்கை மகள் விஷயம். டிசிஎஸ்-ஐ விட அந்தக் கம்பெனி பெரிதா என்று கேட்டால், 'ஃபார்ச்சூன் 500' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. எந்த வருடப் பட்டியல், எந்த இடம் என்று கேளுங்கள். பட்டியல் பொதுவில் கிடைக்கிறது, ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். பெயர் இருந்தால் விற்றுமுதலை விட்டுவிட்டு லாபப் பத்தியைப் பாருங்கள், மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதை ஓஎம்ஆரில் அடிக்கடி பார்க்கிறேன். விளம்பரத்தில் 'எங்கள் ஃபார்ச்சூன் 500 கிளையன்ட்டுக்காக' என்று இருக்கும். நேர்காணலும் அந்தப் பெரிய கம்பெனியின் கண்ணாடிக் கட்டடத்தில்தான் நடக்கும், அடையாள அட்டைகூட அந்த நிறத்தில் இருக்கும். ஆனால் வேலைக்கு எடுப்பது ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி, பதினொரு மாத ஒப்பந்தம். ஆஃபர் லெட்டரின் தலைப்பில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது, பிஎஃப் எந்தக் கம்பெனியின் பெயரில் பிடிப்பார்கள், இந்த இரண்டையும் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடச் சொல்லுங்கள்.